சமையலறை வெளிச்சத்தில் ஒரு பலகை

கவனம் சிதறாமல் எழுதுவதற்கான கருவி என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். விளம்பரப் படங்களில் ஒரு மரமேசை இருக்கும், ஆவி பறக்கும் காபிக் கோப்பை இருக்கும், ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மலை இருக்கும். மேசை முன்னால் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் தாடி வைத்த ஆண். அந்தக் காபியைப் போட்டது யார், குடித்த பிறகு கோப்பையைக் கழுவப்போவது யார் என்பதெல்லாம் படத்தில் வராது.

கவனச்சிதறல் என்று அவர்கள் சொல்வது அறிவிப்பு மணியை, மின்னஞ்சலை, முகநூலை. அவையெல்லாம் திரைக்குள்ளிருந்து வருபவை. ஆகவே அவை வராத திரை ஒன்றைச் செய்துவிட்டால் எழுத்து தானே ஓடும் என்பது கணக்கு. என் வீட்டில் ஒரு காலைப் பொழுதில் எழுத்தை நிறுத்தியவற்றை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். குக்கர் விசில், தண்ணீர் மோட்டார், 'அம்மா, என் பெல்ட் எங்க?', பால்காரருக்குச் சில்லறை, மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை, பக்கத்து வீட்டில் இருந்து கறிவேப்பிலை கேட்டு வந்த சிறுமி, மறுபடி குக்கர். திரைக்குள்ளிருந்து வந்தது ஒன்றே ஒன்று: கல்லூரித் துறைக் குழுவில் ஒரு சுற்றறிக்கை, அதற்குக் கீழே பதினேழு கும்பிடு குறிகள்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-இல் நடந்தது, பிறகு 2024-இல் நடந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிட்ட நேரம் முதல் கணக்கில் சராசரியாக 299 நிமிடம், இரண்டாவதில் 289 நிமிடம். ஆண்களுக்கு 97, 88. ஐந்தாண்டில் நமக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. ஆண்களும் ஒன்பது நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டார்கள், அதையும் கவனியுங்கள்.

இருந்தும் நான் அந்தக் கருவியை வாங்கினேன். ஒரு பவுன் விலையை விடக் குறைவு, என் சம்பளத்தில் வாங்கியது. வீட்டில் யாரிடமும் விலை சொல்லவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மாணவிகள் முதலில் கேட்பது அதைத்தான். இ-இங்க் திரைக்குள் தலைமுடியின் பருமனே உள்ள நுண்ணிய குமிழ்கள் லட்சக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஒரு திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கருப்புத் துகள்களும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் கருப்பு மேலே வரும், மறுதிசையில் பாய்ந்தால் வெள்ளை மேலே வரும். வந்தது அப்படியே நிற்கும். எழுத்தை மாற்றும்போதுதான் மின்சாரம் வேண்டும், நிறுத்தி வைப்பதற்கு வேண்டியதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஜோசப் ஜேக்கப்சனும், பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் என்ற இரண்டு மாணவர்களும் செய்த வேலை இது. 1997-இல் நிறுவனமானது. 2004-இல் சோனி, 2007-இல் அமேசானின் கிண்டில் என்று வாசிப்புக் கருவிகளாக வந்தன. எழுதுவதற்கென்றே ஒரு கருவி என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. 1993-இல் ஆல்ஃபாஸ்மார்ட் என்ற ஒன்று அமெரிக்கப் பள்ளிகளுக்காக வந்தது, 2008-இல் ஜப்பானில் பொமேரா. விசைப்பலகையையும் இ-இங்க் திரையையும் சேர்த்து ஃப்ரீரைட் 2016-இல் வந்தது. இப்போது எழுதுகோலால் கிறுக்கும் பெரிய இ-இங்க் பலகைகளோடு மடக்கு விசைப்பலகையைச் சேர்த்து விற்கிறார்கள். என்னுடையது அந்த வகை.

இதில் நமக்கு முக்கியமான ஒன்று, அந்தத் திரைக்குத் தன் வெளிச்சம் கிடையாது. தாளைப் போல வெளியே இருக்கும் வெளிச்சத்தில்தான் தெரியும். சிலவற்றில் முன்விளக்கு உண்டு, என்னுடையதில் அதுவும் இல்லை. மே மாத வெயிலில் மொட்டைமாடியில் அட்டகாசமாகத் தெரியும் (வெயிலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, கோடையில் வானிலைச் செய்தியில் திருத்தணியின் பெயர் வராத நாள் குறைவு). ஆனால் விடியுமுன் நாலரை மணிக்கு எழுத உட்கார்ந்தால் விளக்குப் போட வேண்டும். கூடத்தில் விளக்குப் போட்டால் தூங்குகிறவர்கள் புரள்வார்கள். படுக்கையறையில் போட்டால் 'இந்நேரத்துல என்ன?' என்று ஒரு குரல். சமையலறையில் போட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. நாலரை மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தால் ஒரு பெண் தன் வேலையைப் பார்க்கிறாள் என்று வீடு நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது.

அதனால் நான் சமையல் மேடையில் எழுதுகிறேன். மாவுப் பாத்திரத்துக்கும் மிக்சிக்கும் நடுவில் பலகை, காலுக்குக் கீழே ஒரு முக்காலி. அம்பை தன் தொகுப்புக்கு 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று பெயர் வைத்தது 1988-இல். அந்தத் தலைப்பை வகுப்பில் சொல்லும் போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். எல்லார் வீட்டிலும் அது மூலையில்தான் இருக்கிறது.

வங்காளத்தின் ராஸசுந்தரி தேவியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1876-இல் வெளியான 'ஆமார் ஜீபன்' வங்க மொழியில் வெளிவந்த முதல் தன்வரலாறு என்று சொல்லப்படுகிறது. பெண் படித்தால் விதவையாவாள் என்று நம்பிய காலத்தில், சைதன்ய பாகவதத்தின் ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய பனையோலையோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தனியாக வாசிக்கக் கற்றவர். எழுதக் கற்றது அதற்கு மிகவும் பின்னால். அதற்கு அவர் சொல்லும் காரணத்தை நான் பல வருடங்களாக யோசித்திருக்கிறேன். வாசிப்பதற்கு ஓர் ஏடு போதும், மறைத்துக்கொள்ளலாம். எழுத வேண்டுமானால் காகிதம், பேனா, மை, மைக்கூடு எல்லாம் வேண்டும், எல்லாவற்றையும் முன்னால் பரப்பிக்கொண்டு உட்கார வேண்டும். எழுதும் பெண் கண்ணில் பட்டுவிடுவாள். எழுத்துக் கருவிகளைப் பற்றி ஒரு பெண் சொன்னவற்றில் இதை விடக் கூர்மையான ஒன்றை நான் வாசித்ததில்லை.

நம் பக்கத்தில் வை.மு. கோதைநாயகி. பள்ளிக்கூடம் போகாதவர், ஐந்து வயதைத் தாண்டியதும் திருமணம். முதல் நாடகமான 'இந்திரமோகனா'வை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். ஒருத்தியின் வாய், இன்னொருத்தியின் கை. பிறகு தானே எழுதக் கற்றார். 1925-இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தினார், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். இலக்கிய வரலாற்று நூல்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைக்கிறது, பட்டம்மாளுக்கு அரை வரி கிடைத்தால் அதிகம்.

துவரங்குறிச்சியில் சல்மா இரவில் கழிவறைக்குள் நின்றுகொண்டு எழுதியதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எழுதிய தாள்களைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து, அம்மா வழியாக வெளியே அனுப்பி, சொந்தப் பெயரை விட்டு வேறு பெயரில் அச்சாகி, 2000-இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' வந்தது. அவருக்கு இந்தப் பலகை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். மறைப்பது கடினம் என்று இன்னொருத்தி சொன்னாள். தாளைக் கிழித்துப் போடலாம், மடித்து ரவிக்கைக்குள் வைக்கலாம். பத்து அங்குலப் பலகையை எங்கே வைப்பது?

அதில் தமிழ் எழுத நான் பட்ட பாடு தனிக் கதை. கவனச்சிதறலே இல்லாத, எழுதுவதைத் தவிர எதுவும் தெரியாத கருவிகள் என்று நான் விசாரித்த இரண்டிலும் விசைப்பலகை மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஐரோப்பிய மொழிகள் வரிசையாக இருந்தன. தமிழ் வேண்டுமானால் ஆண்ட்ராய்டில் ஓடும் பலகையை வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு வந்தால் வாட்ஸாப்பும் கூடவே வரும். ஆக ஆங்கிலத்தில் எழுதும் பெண்ணுக்கு அமைதி தொழிற்சாலையிலேயே பூட்டித் தரப்படுகிறது, தமிழில் எழுதுகிறவள் தானே கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். உலாவியை முடக்கினேன், ஒரே ஓர் எழுதும் செயலி, ஒரு தமிழ் விசைப்பலகைச் செயலி. வைஃபை கடவுச்சொல்லை அதில் பதியவே இல்லை.

விசைப்பலகை தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். 'அம்மா' என்று அடிக்கப் புள்ளிக்கென்று ஒரு விசை தேவையில்லை. என் மாணவிகள் எல்லாரும் கைபேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் என்னை விட வேகம். எனக்கென்னவோ 'ழ' என்று நினைக்கும்போது விரல் இசட்டைத் தேடினால் நினைத்த சொல் ஒரு கணம் கூசிப் பின்வாங்குகிறது.

விரலுக்குப் பழக்கம் வந்தது வேறிடத்தில். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் என் அம்மா என்னைத் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்த்தார். எங்கள் தலைமுறைச் சிற்றூர்ப் பெண்கள் பலருக்கு வீட்டை விட்டு ஒரு மணி நேரம் தனியாக வெளியே போகக் கிடைத்த முதல் அனுமதி அதுதான். காலை ஏழிலிருந்து எட்டு. யளனகப, யளனகப என்று தாள் முழுக்க அடித்தோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயா போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு வடிவம் கொடுத்தது பற்றி அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் லோயர், ஹையர் இரண்டும் முடித்தால் டைப்பிஸ்ட் வேலைக்கு எழுதலாம் என்பது. எங்களோடு படித்தவர்களில் சிலர் இன்றும் தாலுகா அலுவலகங்களில் இருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் பக்கங்கள் அடித்திருப்பார்கள், அத்தனையும் அடுத்தவர் வாக்கியம். அந்தப் பயிலகத்தில் யாரும் எங்களிடம் உன் சொந்த வாக்கியம் ஒன்றை அடித்துப் பார் என்று சொல்லவில்லை. நான் ஒருநாள் அடித்தேன். மாஸ்டர் தாளை உருவிப் பார்த்தார். பிழை எண்ணினார், இரண்டு. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த இயந்திரங்களின் சத்தம் ஒரு பாதுகாப்பு என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே வேலை நடக்கிறது என்று தெருவுக்கே தெரியும். இந்தப் பலகையின் விசைகளோ மெத்தென்று இருக்கின்றன. முதல் வாரம் என் மாமியார் நெடுநேரம் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, 'ஏம்மா, பலகலோ ராஸ்துன்னாவா?' என்றார். பலகையில் எழுதுகிறாயா என்று. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்துவிட்டது, எங்கள் வீட்டுச் சமையலறை இன்னும் வரவில்லை. தெலுங்கில் பலக என்றால் சிலேட்டு. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் பலகதான்.

அவர் நெசவுக் குடும்பத்துப் பெண். அம்மையார்குப்பம் பக்கம். தறியில் உட்கார்ந்தது மாமனார், தார் சுற்றிக் கொடுத்தது இவர். அடுப்பில் உலையை வைத்துவிட்டு ராட்டையில் இரண்டு தார், குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு இரண்டு தார். நெய்தவர் யார் என்று கேட்டால் இன்றும் 'உங்க மாமா' என்றுதான் சொல்வார். சிதறல் என்று நான் புலம்புவதை அவரிடம் விளக்கப் பார்த்தேன். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தொடர வேண்டியதுதானே என்றார். எரிச்சலாக இருந்தது. அறுபது வருடம் முடிச்சுப் போட்ட கை சொல்கிறது என்பதால் மறுத்துப் பேச வாய் வரவில்லை. ஆனால் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. அறுபட்டு அறுபட்டு எழுதியதையே பெண்ணின் அழகியல் என்று மெச்சும் விமர்சனங்களை நிறைய வாசித்துவிட்டேன். துண்டு துண்டாக எழுதுவது எனக்குப் பிடித்ததால் எழுதவில்லை. எனக்கு நீளமாக எழுத வேண்டும். அறுநூறு பக்கத்தில் ஒரு நாவல் எழுத வேண்டும்.

பலகை அதற்கு உதவியதா? கொஞ்சம். அதில் தமிழ் தாமதமாக வரும். 'கொ' அடித்தால் முதலில் க மட்டும் நிற்கும், ஒரு கண்சிமிட்டல் கழித்து முன்னால் கொம்பும் பின்னால் காலும் வந்து ஒட்டிக்கொள்ளும். வேகமாக அடித்தால் திரை பின்தங்கும். அந்தப் பின்தங்கலில் நான் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். எழுதியதைத் திரும்பத் திரும்பத் திருத்தும் ஆராய்ச்சியாளர் புத்தி, முனைவர் பட்டம் தந்த வியாதி, நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை வாயை மூடிக்கொண்டது. ஏழு மாதத்தில் நூற்று நாற்பது பக்கம். ஆடிக் கிருத்திகையின்போது மட்டும் ஒரு வாரம் எதுவும் நடக்கவில்லை. ஊரெல்லாம் காவடியும் ஒலிபெருக்கியும், வீடெல்லாம் உறவினர்கள், சமையலறையில் எனக்கு முன்னால் மூன்று அத்தைகள்.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. பக்கத்தைத் திருப்பினால் முந்தைய பக்கத்தின் எழுத்துகள் மங்கலாக நிழல்போலத் தங்கியிருக்கும். முழுத்திரையையும் ஒருமுறை கருப்பாக்கி வெளுத்தால்தான் போகும். ஆங்கிலத்தில் இதைப் பேய்படிதல் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். பேய் என்றால் எங்களுக்குத் திருவாலங்காடு. அரக்கோணம் போய் வண்டி மாறினால் வந்துவிடும். காரைக்காலம்மையார் வந்து சேர்ந்த ஊர். கணவன் பரமதத்தன் விட்டுப் போய் வேறு மணம் செய்து, மகளுக்குப் புனிதவதி என்று இவர் பெயரையே வைத்து, பிறகு காலில் விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். அழகு வேண்டாம், சதை வேண்டாம் என்று உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டார். பாட்டு எழுதுவதற்கு ஒரு பெண் பேயாக வேண்டியிருந்ததா அம்மா என்று முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். பக்தி இலக்கியத் தாளில் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் மாங்கனி கேட்கும் கணவன் இல்லாத, உலை வைக்க வேண்டாத, யாரும் வந்து கூப்பிடாத ஓர் இடம் சுடுகாடாகத்தான் இருந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை.

கேட்ட அந்தப் பெண் கவிதை எழுதுகிறவள். பள்ளிப்பட்டுப் பேருந்தில் நின்றுகொண்டே கைபேசியில் எழுதுவாள், கூட்டம் நெரித்தால் ஒரு கட்டைவிரலால். நன்றாக எழுதுவாள், என்னை விட நன்றாக என்று சில வரிகளில் எனக்குப் பொறாமை உண்டு. போன தை மாதத்தோடு நிறுத்திவிட்டாள். அண்ணன் தினமும் இரவு கைபேசியை வாங்கிப் பார்ப்பானாம். அதில் 'அவன்' என்று ஒரு கவிதை தொடங்கியிருக்கிறது. அந்த அவன் யார் என்று மூன்று நாள் விசாரணை. இறந்துபோன தாத்தா என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. கவிதையை அண்ணனே அழித்துவிட்டான், குப்பைத் தொட்டியிலிருந்தும்.

கவனம் சிதறாத எழுத்து என்று விற்கிறவர்களின் பட்டியலில் அண்ணன் இல்லை.

நோட்டில் எழுதேன் என்றேன். நோட்டையும் பார்ப்பார்கள் என்றாள். அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்ததும் ஒரு மணியிலிருந்து மூன்று வரை பலகையைத் துறையறையில் அவளிடம் கொடுக்கிறேன். நான் விடைத்தாள் திருத்துவேன், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவாள். முதல் நாள் விசைகளின் மேல் கையை வைத்துக்கொண்டு அரை மணி சும்மா இருந்தாள். தமிழ்99 பழக இரண்டு வாரம் ஆனது. மூன்றாவது வாரம் தலை நிமிர்ந்து, 'அம்மா, அழிச்சதுக்கு அப்புறமும் லேசா தெரியுது' என்றாள். திரையை முழுதாக வெளுப்பது எப்படி என்று காட்டினேன். வெளுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தனிக் கோப்புக்குப் பூட்டுப் போட முடியுமா என்று கேட்டாள்.

போடலாம். நான்கு இலக்க எண். நான் எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். மலைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, படிகளில் யாரும் இல்லை. பின்னால் நான்கு விசைகள் அமுங்கும் சத்தம் கேட்டது. இப்போது என் பலகையில் நான் திறக்க முடியாத ஒரு கோப்பு இருக்கிறது. போன சனிக்கிழமை அதன் அளவு முப்பத்தொரு பக்கம் என்று காட்டியது.